கல்லடியில இருந்து கல்முனைக்கு தினமும் பழைய ஆர்எக்ஸ்-8ல ஓட ஏலுமா?

தம்பி, உங்கட கேள்விய முதல்ல சுருக்கி எழுதிடுறன், வாசிக்கிற மத்த ஆக்களுக்கும் விளங்கணும் தானே. வீடு மட்டக்களப்பு கல்லடி, வேலை கல்முனை, கிழமைக்கு அஞ்சு நாள் போய் வாற ஓட்டம். கொழும்புல 2004ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒண்டு பார்த்திரிக்கிறீங்க, ஆறு கியர் மெனுவல், விலையும் கைக்கு எட்டுது. வீட்டுலயும் கராஜ்லயும் ஒரே கதை, "ரோட்டரி எஞ்சினா, கிட்டயும் போகாத". வேற கார் இல்லாம இத மட்டும் வெச்சிட்டு தினமும் ஓடலாமா எண்டு கேக்குறீங்க.

ஓடலாம். நானும் இஞ்ச மட்டக்களப்புல அதே கார்தான் கன வருஷமா ஓட்டுறன், வெயிலுக்கும் மழைக்கும். ஆனா அதுக்கு ரெண்டு சாமான் வேணும், ஒண்டு வாங்க முந்தி கம்ப்ரெஷன் (எஞ்சினுக்குள்ள இரிக்கிற அமுக்கம்) பார்த்த பேப்பர், மத்தது வீட்டுல ஓடுற நிலையில ஒரு மோட்டர் பைக். ரெண்டாவதக் கேட்டு சிரிக்க வேணாம், சும்மா சொல்லல்ல.

எல்லாரும் கேக்குறது இது அடிக்கடி பழுதாகுமா எண்டு. கொழும்புல இரிக்கிறவனுக்கு அந்தக் கேள்வி சரி. எங்களுக்கு அது இல்ல கேள்வி, பழுதானா எத்தின நாளைக்கு வாசல்ல நிக்கும் எண்டுறதுதான். பிளக்குக்குக் கரண்ட் குடுக்குற கொயில் ஒண்டு போனா கொழும்புக்காரன் காலையில பஞ்சிகாவத்தை சாமான் கடைகளுக்குப் போய் பின்னேரத்துக்குள்ள மாத்திட்டு ஓடுவான். அதே கொயில் இஞ்ச போனா போன் அடிச்சி ஆளப் புடிச்சி, காசு போட்டு, அவர் ராப் பஸ்ல பார்சல் ஏத்தி, நாங்க விடியப் போய் பஸ் ஸ்டாண்டுல எடுக்கணும், அதுவும் அனுப்பினவர் சரியான சாமான அனுப்பியிரிந்தா. கொரொல்லா எண்டா டவுனுக்குள்ளயே ரெண்டு கடையில கேட்டு வாங்கிடலாம். அதுதான் வித்தியாசம். 300 கிலோமீற்றர் தூரத்தத்தான் நீங்க காரோட சேர்த்து வாங்குறீங்க. அத விளங்கிக் கொண்டு, போகக் கூடிய சாமான முந்தியே வாங்கி அலுமாரியில வெச்சிட்டா இந்தக் கார்ல முக்கால்வாசிப் பயம் போயிரும்.

என்ன சாமான் எண்டு சொல்ல முதல் எஞ்சினக் கொஞ்சம் விளங்கப்படுத்தணும், இல்லாட்டி நான் சொல்றது ஒண்டும் தலைக்குள்ள ஏறாது. இதுல பிஸ்டன் இல்ல. 654 சிசி அறை ரெண்டு, மொத்தம் 1308 சிசி, ஒவ்வொண்டுக்குள்ளயும் முக்கோணமா ஒரு ரோட்டர் சுத்துது. முக்கோணத்தின்ட மூணு நுனியிலயும் அபெக்ஸ் சீல் எண்டு மெல்லிய நீட்டுத் துண்டு ஒண்டு இரிக்கு, பிஸ்டன் ரிங் செய்யுற வேலைய இஞ்ச அதுதான் செய்யுது. அந்த சீல் காயாம இரிக்க எஞ்சினே தன்ட ஒயில்ல கொஞ்சம் எடுத்து உள்ளுக்கு விட்டு எரிக்கும், அதுக்கெண்டே தனியா ஒரு பம்ப் வெச்சிரிக்கான். அப்ப ஒயில் குறையுறது பழுது இல்ல, குறையாட்டித்தான் பயப்படணும். 1000, 1500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் போறது சாதாரணம். ஒவ்வொரு ரெண்டாவது தரம் பெற்றோல் அடிக்கக்குள்ளயும் டிப்ஸ்டிக்க, ஒயில் அளவு பார்க்குற கம்பிய, இழுத்துப் பாருங்க. கொரொல்லா ஓட்டின பழக்கத்துல சேவிசுக்கு சேவிஸ் மட்டும் பொனட் திறக்கிற ஆள் கையில இந்தக் கார் குடுத்தா அந்த எஞ்சின் சாகும், அதுல சந்தேகமே இல்ல. எனக்குத் தெரிஞ்சி இதுக்குக் கெட்ட பேர் வந்ததுல பாதி அந்த மாதிரி ஆக்களாலதான். 2003ல உலக அளவுல அந்த வருஷத்துச் சிறந்த எஞ்சின் எண்டு விருது எடுத்த எஞ்சின் இது, வடிவமைப்புல குறை இல்லாம இல்ல, ஆனா ஊர் சொல்ற அளவுக்கு இல்ல.

குறை எண்டா ஒண்டு சொல்றன். 2008ல மாத்தி விட்ட மாடல்ல ஒரு ரோட்டருக்கு மூணு இடத்துல ஒயில் விழுற மாதிரி கூட்டினான், நீங்க பார்க்குற 2004ல ரெண்டு இடம்தான், சீலின்ட நடுத் துண்டுக்கு ஒயில் போறது குறைவு. அதுக்குத்தான் நாங்க பெற்றோலோட 2டி ஒயில், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஊத்துறது, கலக்குறது. லீற்றருக்கு 5 மில்லி, அதாவது 40 லீற்றர் அடிச்சா 200 மில்லி, அதுக்கு மேல தேவையில்ல. கொழும்புல இத பெரிய ரகசியம் மாதிரி விலை கூடின போத்தல்ல வாங்குறாங்க, எங்களுக்கு மீன்புடி எஞ்சின் புண்ணியத்துல கல்லடியிலயும் வாழைச்சேனையிலயும் எந்தக் கடையிலயும் 2டி கிடக்கு. புகை குறைஞ்ச எஃப்டி தரம் எண்டு போத்தல்ல போட்டிரிக்கிறதப் பார்த்து எடுங்க, தோணிக்கு ஊத்துற மலிவு ஒயில எடுத்து ஊத்த வேணாம்.

இப்ப கொயில். நாலு கொயில், நாலு பிளக், ஒரு ரோட்டருக்கு ரெண்டு. இந்தக் கார் சாகுற கதை கனக்க கொயில்லதான் தொடங்குது. கொயில் மெதுவாப் பலவீனமாகும், ஒரேயடியா நிக்காது, ஐடில்ல ஒரு சின்ன நடுக்கம், பின்னால பெற்றோல் மணம், மேட்டுல ஏறக்குள்ள ஒரு இழுபறி, ஆனா ஓடும். ஓடுதே எண்டு விட்டா எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகைய சுத்தமாக்குற கட்டலைஸருக்குள்ள எரியும், கட்டலைஸர் உருகி அடைபடும், புகை வெளியால போக வழியில்லாம சூடு திரும்ப எஞ்சினுக்குள்ள ஏறும், மறுகா சீல் போகும். சின்னச் சாமான் ஒண்டு கடைசியில எஞ்சினையே கொண்டு போறது இப்படித்தான். அதனால 50,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா, பழுதோ இல்லையோ, நாலு கொயிலும் நாலு பிளக்கும் மாத்திடுங்க. இடது பக்க முன் சில்லக் கழட்டினா பிளக் நாலும் கண்ணுக்குத் தெரியும், மேல ரெண்டுக்கு டி எண்டும் கீழ ரெண்டுக்கு எல் எண்டும் எஞ்சின்லயே அடிச்சிரிக்கான், மேல் பிளக் வேற கீழ் பிளக் வேற, மாறிப் பூட்டப்படாது. இத ஏன் இவ்வளவு விளக்கமாச் சொல்றன் எண்டா, இஞ்ச பூட்டுறவர் நல்ல கைக்காரரா இரிந்தாலும் ரோட்டரி எஞ்சின முதல் தரம் பார்க்குறவரா இரிப்பார், நாலும் ஒண்டுதானே எண்டு பூட்டிட்டுப் போயிருவார். பக்கத்துல நிண்டு பாருங்க, ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாலும் பரவாயில்ல.

அப்ப அலுமாரியில இரிக்க வேண்டியது: கொயில் ஒரு செட், பிளக் ஒரு செட், பெல்ட், தர்மோஸ்டாட், ரேடியேற்றர் மூடி, கூலன்ட் (எஞ்சினக் குளிராக்குற தண்ணி) நிக்கிற போத்தல் ஒண்டு (பிளாஸ்டிக், வயசு போனா வெடிக்கும்), ஒயில் நாலு லீற்றர். இவ்வளவு இரிந்தா நடுவழியில நிக்கிற காரணத்துல கனக்க உங்கட கையிலயே தீர்ந்திடும்.

உங்கட ஓட்டம் இந்தக் காருக்கு உண்மையில நல்லது, இத ஆரும் உங்களுக்குச் சொல்லியிரிக்க மாட்டாங்க. இத வாங்கிட்டு "கவனமா வெச்சிரிக்கன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பன்" எண்டு சொல்ற ஆக்கள்ட எஞ்சின்தான் முதல்ல போறது. சும்மா நிண்டா சீல் ஒட்டும், கிட்டத்து ஓட்டம் ஓடினா சூடாக முதலே ஓஃப் ஆகி உள்ளுக்குக் கரி பிடிக்கும். கல்லடியில இருந்து கல்முனைக்கு 35 கிலோமீற்றருக்குக் கிட்ட, காத்தான்குடி தாண்டக்குள்ள எஞ்சின் சூடாகிரும், மறுகா களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை எண்டு நல்ல நீட்டு ஓட்டம். சூடாகுற வரைக்கும் 4000 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு எத்தின சுத்து எண்டுறது) மேல விட வேணாம். சூடானதுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒருக்காவது சனம் குறைஞ்ச துண்டுல நல்லா இழுத்து விடுங்க, இது வேகத்துக்கு இல்ல, கரி போறதுக்கு. முதலாம் கியர்ல 8000 தொட்டாலும் 60க்குள்ளதான் நிக்கும், ரெண்டாம் கியர்ல 5500 எண்டா 70க்குள்ளதான், வீடு கடை இல்லாத துண்டுல பொலிஸ் புடிக்க காரணம் இல்ல, சத்தத்துக்கு வேணுமெண்டா திரும்பிப் பார்ப்பாங்க.

செய்யவே கூடாத வேலை ஒண்டு இரிக்கு. குளிர் எஞ்சின ஸ்டார்ட் பண்ணி, கேட்டடியில இருந்து மரத்தடிக்கு எடுத்து விட்டுட்டு ஓஃப் பண்ணுறது. வீட்டுக்கு ஆக்கள் வந்தா, தண்ணி பவுசர் வந்தா எல்லாம் நாங்க செய்யுற வேலைதானே. இதுல அப்பிடிச் செஞ்சா பெற்றோல் உள்ளுக்கு நிறைஞ்சி, மறுகா எத்தின தரம் கிராங்க் பண்ணினாலும் பிடிக்காது. எடுத்தா சூடு முள் நடுவுக்கு வாற வரைக்கும் ஓட விடுங்க. வீட்டுல தம்பி, மச்சான் ஆரும் திறப்பு எடுப்பாங்க எண்டா முதல்ல அவங்களுக்குச் சொல்லி வைங்க. பிடிக்காமப் போனா அக்சிலேற்றர தரையோட மிதிச்சிக்கொண்டு கிராங்க் பண்ணுங்க, அப்பிடி மிதிச்சா பெற்றோல் போறது நிக்கும், உள்ளுக்கு இரிக்கிறது வெளியால போகும். பற்றறி பலமா இரிக்கணும், பற்றறி இறங்கினா கிராங்க் மெதுவாகும், மெதுவானா இந்த எஞ்சின் பிடிக்காது, இந்தக் கார்ல பற்றறிக்கு சல்லி பார்க்கப்படாது.

சூடுதான் எங்கட ஊர்ல பெரிய எதிரி. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல பகல் ரெண்டு மணிக்கு காத்தான்குடி றோட்டுல ஏசியப் போட்டுக்கொண்டு ஊர்ந்து பாருங்க, அதுதான் சோதனை. டாஷ்போர்ட்ல இரிக்கிற சூடு முள்ள நம்ப வேணாம், அது நடுவுல அசையாம நிக்கிற மாதிரித்தான் செஞ்சிரிக்கான், முள் ஏறக்குள்ள எஞ்சின் ஏற்கனவே வெந்திரிக்கும். காரின்ட கம்ப்யூட்டர வாசிக்கிற ஓபிடி சாக்கெட்டுல பூட்டுற சின்ன புளூடூத் துண்டு ஒண்டு வாங்கி போன்ல கூலன்ட் சூட்டப் பாருங்க. 100 டிகிரிக்குக் கீழ நிம்மதி, 105 எண்டா ஏசிய நிப்பாட்டுங்க, 110 எண்டா ஓரமா விட்டு எஞ்சின நிப்பாட்டுங்க, வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்ல. இந்த எஞ்சின் அலுமினியம் ஒரு தட்டு இரும்பு ஒரு தட்டு எண்டு மாறி மாறி அடுக்கிப் பூட்டினது, ஒருக்கா அளவுக்கு மிஞ்சிச் சூடேறினா தட்டுகளுக்கு நடுவுல இரிக்கிற தண்ணி சீல் போயிரும், அதுக்குப் பிறகு எஞ்சின முழுசாக் கழட்டணும். கார் கைக்கு வந்த கிழமையே ரேடியேற்றரக் கழட்டி வெளிப்பக்கமும் கழுவுங்க, முன் பம்பருக்குப் பின்னால ஒயில் கூலரும் இரிக்கு, அதுக்குள்ள பூச்சியும் மண்ணும் அடைஞ்சி கிடக்கும். ரெண்டு மின்விசிறியும் சுத்துதா எண்டும் பார்க்கணும்.

கல்லடியில வீடு எண்டதால உப்புக் காத்தச் சொல்லாமப் போக ஏலாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவுல உங்கட கார். பொனட்டும் பின் கதவும் அலுமினியம், அதுக்குப் பயம் இல்ல, பின் சில்லுக்கு மேல இரிக்கிற வளைவும் கதவுக்குக் கீழ இரிக்கிற பகுதியும்தான் கறல் பிடிக்கும். அதவிட கரைச்சல் வயர் கனெக்டர். ஒரு நாள் திடீரெண்டு பவர் ஸ்டியரிங் லைட் பத்தும், ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகும், கராஜ்ல ஸ்டியரிங் ரெக் முழுசா மாத்தணும் எண்டு பெரிய கணக்கு சொல்லுவாங்க. அதுக்கு முதல் கனெக்டரயும் எர்த் வயரயும் கழட்டி கிளீனர் அடிச்சித் துடைச்சிப் பூட்டிப் பாருங்க, கனதரம் அதோட சரியாகிரும்.

நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் மழைக்குத்தான் நான் சொன்ன மோட்டர் பைக். இந்தக் கார் உயரம் குறைவு, காத்து இழுக்கிற வாயும் கீழதான் இரிக்கு. முழங்கால் தண்ணிக்குள்ள வேன் போகுது எண்டு பின்னால விட வேணாம், ரோட்டரியோ பிஸ்டனோ, தண்ணி குடிச்சா முடிஞ்சிது. றோட்டுல தண்ணி நிக்கிற நாள் பஸ், இல்லாட்டி பைக். சாமான் வரும் வரைக்கும் கார் நிக்கிற நாளுக்கும் அதே பைக்தான். அது ஒண்டு இல்லாட்டி நீங்க அவசரப்பட்டு பழுதோடயே ஓடுவீங்க, அங்கதான் சின்னப் பழுது பெரிய பழுதாகுறது. றோட்டு வேகத் தடையில சரிவாத்தான் ஏறணும், ராவுல மாடு படுத்திரிக்கும், அதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

செலவு. ஒரு நாளைக்கு 70 கிலோமீற்றர், மாசம் 22 நாள், 1540 கிலோமீற்றர் வருது. இந்த நீட்டு ஓட்டத்துல லீற்றருக்கு 8 கிலோமீற்றர் வெச்சிக்கொள்ளுங்க, டவுனுக்குள்ள 6ம் வராது. மாசம் 190 லீற்றருக்கு மேல, லீற்றர் 300 ரூபா எண்டு வெச்சாலே 57, 58 ஆயிரம், வேலைக்குப் போய் வாறதுக்கு மட்டும். ஒயில், 2டி, ரயர் எல்லாம் அதுக்கு மேல. 225/45 18 அளவு ரயர் இஞ்ச கடையில தொங்காது, சொல்லித்தான் எடுக்கணும். இந்தக் கணக்கு சம்பளத்துல உறுத்துது எண்டா மிச்சத்த வாசிக்காமலே விடுங்க, ஏனெண்டா காசு இல்லாத மாசம்தான் கொயில் போகும். பெற்றோல் 95 கிடைச்சா அடிங்க, கிடைக்காட்டி 92ம் ஓடும், கொஞ்சம் இழுவை குறையும், அவ்வளவுதான்.

வாங்கப் போற அண்டைக்கு. கொழும்புல ரோட்டரிக்கெண்டு உள்ள டெஸ்டர் வெச்சிரிக்கிற ஆளக் கண்டு பிடிச்சி அவர்ட்ட கொண்டு போங்க. சாதாரண கம்ப்ரெஷன் கேஜ் ரோட்டரின்ட மூணு முகத்துல (முக்கோணத்தின்ட மூணு பக்கம்) கூடினத மட்டும்தான் காட்டும், செத்த முகத்த மறைச்சிரும். ரெண்டு ரோட்டர், மூணு மூணு முகம், ஆறு நம்பர் வரணும், எஞ்சின் சூடா இரிக்கக்குள்ள, நிமிஷத்துக்கு 250 சுத்துக்குக் கணக்கிட்டது. மஸ்டா சொல்ற ஆகக் குறைஞ்ச அளவு 6.9 (சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோ கணக்குல), புது எஞ்சின் எண்டா 8.5க்குக் கிட்ட. ஒரு ரோட்டரின்ட மூணு முகத்துக்கும் இடையில 1.5க்கு மேல வித்தியாசம் இரிக்கப்படாது, ரெண்டு ரோட்டருக்கும் இடையில 1க்கு மேல இரிக்கப்படாது. 7.5க்கு மேல ஆறும் வந்தா யோசிக்காம எடுக்கலாம். 7க்குக் கிட்ட நிண்டா ஓடும், ஆனா எஞ்சின் திறக்கிற காச விலையில கழிச்சிக் கேளுங்க. டெஸ்ட் பண்ண விட மாட்டன் எண்டு சொன்னா அதுவே ஒரு நம்பர்தான், வந்த பஸ்லயே ஏறி வந்திடுங்க.

டெஸ்டருக்குப் போக முதல் நீங்களே பார்க்கக் கூடியது சூட்டுல ஸ்டார்ட். இருபது நிமிஷம் ஓட்டி, நிப்பாட்டி, பத்து நிமிஷம் கதைச்சிக்கொண்டு நிண்டு, மறுகா ஸ்டார்ட் பண்ணுங்க. டக்கெண்டு பிடிக்கணும். நீட்டா இழுத்துப் பிடிச்சா கம்ப்ரெஷன் குறைஞ்சிட்டு. விக்கிறவர் எஞ்சின நிப்பாட்டாமலே வெச்சிக்கொண்டு "சும்மா பாருங்க தம்பி, எப்பிடி ஓடுது" எண்டு சொன்னா விளங்கிக்கொள்ளுங்க. ஒயில் ஊத்துற மூடியத் திறக்கக்குள்ள மூடியில வெள்ளையா கொழகொழ எண்டு இரிந்தா உடன பயப்பட வேணாம், இந்தக் கார்ல அந்தக் கழுத்துக்குள்ள ஈரம் சேர்றது வழமை, கிட்டத்து ஓட்டம் ஓடின கார்ல கூட இரிக்கும். டிப்ஸ்டிக்லயும் அதே வெள்ளை இரிந்தா தண்ணி கலந்திட்டு, விட்டிடுங்க. கட்டலைஸர் கிடக்கா கழட்டி எறிஞ்சிட்டாங்களா எண்டு கீழ படுத்துப் பாருங்க, இல்லாட்டி வருஷ லைசன்சுக்கு எமிஷன் டெஸ்ட்ல இழுபடுவீங்க. சி.ஆர். எண்டுற வாகனப் பதிவுப் புத்தகத்துல இரிக்கிற எஞ்சின் நம்பர் எஞ்சின்ல இரிக்கா எண்டும் பார்க்கணும், கனக்க கார் எஞ்சின் மாத்தினது.

இந்தக் கார் சரி வராட்டி, ஸ்போர்ட்ஸ் கார் ஆசையும் போகாட்டி, 1999ல இருந்து 2006 வரைக்கும் வந்த செலிக்கா ஒண்டு தேடுங்க. 1.8 1இசட்இசட் எஞ்சின் உள்ளதாப் பாருங்க, பிரீமியோ, அலியன்லயும் வந்த அதே எஞ்சின்தான், எங்கட கராஜ்காரங்களுக்குக் கை பழக்கம், சாமானும் தேடி அலைய வேண்டி வராது. 2002க்கு முந்தினது பிஸ்டன் ரிங்ல ஒயில் குடிக்கும், அதுக்குப் பிந்தினதாப் பாருங்க. ஓட்ட ஆர்எக்ஸ்-8 மாதிரி வராது, முன் சில்லு இழுக்குற கார், கிறுகக்குள்ள தெரியும். பின்னால ஆக்கள் இரிக்கிறதும் கஷ்டம், ஆர்எக்ஸ்-8ல பின் கதவு ரெண்டும் மறுபக்கமாத் திறக்குறதால அம்மாவ ஏத்தி மாமாங்கக் கோயிலுக்குப் போகலாம், செலிக்கால அவங்க ஏற மாட்டாங்க. அத மட்டும் வீட்டுல கேட்டுட்டு முடிவெடுங்க.